மத்ராவில் விட்டுவந்த நெய்மீன்

கொஞ்சம் நெருங்கி உட்காரு மக்கா. கம்பி ஓரத்தில் அப்படி ஒட்டிக்கொண்டு இருந்தால் நான் சொல்லுவதில் பாதி காற்றில் போய்விடும். டிரைவர் வேறு பாட்டுப் போட்டு வைத்திருக்கிறான். உன் பையை மடியில் வைத்துக்கொள். என் பை காலடியில் கிடக்கட்டும், அதில் உடைகிற சாமான் ஒன்றும் இல்லை.

நீ நெய்யாற்றின்கரையில் இறங்கவேண்டியவள். நான் திருவனந்தபுரம் வரைக்கும் போகிறேன், ஏர்போர்ட்டுக்கு. ரெண்டு மணிக்கு மஸ்கட் விமானம் வருகிறது. அதில் என் மூத்த மகன் கிளீட்டஸ் வருகிறான். கூடவே அவன் பெண்டாட்டி விஜிலா. வருகிற ஞாயிற்றுக்கிழமை என் இளையவனுக்கு ஆண்டுப் பூசை. ஆமாம், செத்துப்போனான். டென்னிஸ் என்று பேர். இருபத்து நாலு வயசு. கடலில் போனான், கிடைக்கவில்லை. ஒரு சட்டையைக்கூடக் கடல் திருப்பித் தரவில்லை.

நீ பரிதாபப்பட வேண்டாம், அதற்காகச் சொல்லவில்லை. இந்த பஸ் போய்ச் சேருகிறதற்குள் எனக்கு ஒரு காரியம் தீர்மானம் ஆகவேண்டும். கிளீட்டஸ் போனில் கறாராகச் சொல்லிவிட்டான். "அம்ம, ஏர்போர்ட்டுல நீ அவகிட்ட ஒரு வார்த்தை பேசினியானா அவ நம்ம வீட்டுக்கு வருவா. இல்லேன்னா அங்கேருந்தே குலசேகரத்துக்கு அவ அம்ம வீட்டுக்குப் போயிருவா. பூசைக்கும் வரமாட்டா. பெறவு எப்பவும் வரமாட்டா. நீயே முடிவு பண்ணிக்கோ."

ஒரு வருசமாக நான் அவளோடு பேசவில்லை. அவள் போன் வந்தால் எடுக்கமாட்டேன். அது அடித்து அடித்து ஓயும், நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

என்ன பிணக்கு என்று கேட்கிறாய். மீன் பிணக்கு. சிரிக்காதே, கேளு.

என் பேர் பிரகாசி. குளச்சல் பக்கம் ஒரு துறை. நாற்பது வருசம் தலையில் மீன்பெட்டி சுமந்து ஊர் ஊராக விற்றவள் நான். பள்ளிக்கூடம் ரெண்டாம் வகுப்போடு சரி. ஆனால் மீனைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கண்ணைக் கட்டிவிட்டால்கூட மணத்தை வைத்து இது நேற்றுப் பிடித்தது, இது ஐஸில் நாலு நாள் கிடந்தது என்று சொல்லிவிடுவேன். காதும் அப்படித்தான். ரெண்டு வீடு தள்ளி ஒருத்தி குசுகுசுத்தால் எனக்குக் கேட்கும். அதனால் எனக்குச் சிநேகிதம் குறைவு.

விஜிலா எங்கள் பக்கத்துக்காரி இல்லை. ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. படித்தவள், நர்ஸ். மஸ்கட்டில் ஒரு கிளினிக்கில் வேலை. கிளீட்டஸுக்குப் பாலைவனத்தில் எண்ணெய்க் கிணற்றில் வேலை, நாலு வாரம் அங்கே, நாலு வாரம் வீட்டில். வாய்ப் பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது. எதைக் கேட்டாலும் சட்டென்று ஒரு பதில் வைத்திருப்பாள். கல்யாணமான புதிதிலேயே நான் அவளுக்குப் பேர் வைத்துவிட்டேன், புத்திக்காரி என்று. முதலில் பெருமையாகத்தான் வைத்தேன்.

போன வருசம் கிளீட்டஸ் என்னை அங்கே கூட்டிப்போனான். ஒரு மாசம் இருந்துவிட்டு வா என்றான். போய்ச் சேர்ந்த மூணாம் வாரம் எனக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் போட்டு நெஞ்சுக் குழாயில் ஸ்பிரிங் வைத்தார்கள். ரெண்டு ஸ்பிரிங். நெஞ்சுக்கு அதிர்ச்சியே கூடாது, விமானத்தில் இப்போது ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆஸ்பத்திரியில் தந்தது எல்லாம் உப்பு இல்லாத கஞ்சியும் ஆப்பிளும். வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆனதும் நான் விஜிலாவிடம் சொன்னேன், "ஏட்டி, எனக்கு ஒரு துண்டு நல்ல மீன் தின்னணும் போல இருக்கு." அவளும் உடனே சரி என்றாள். "வெள்ளிக்கிழமை எனக்கு லீவு மாமி. மத்ரா சந்தைக்கே போவோம். நீங்களே பாத்து எடுங்க, எனக்கு மீன் பாக்கத் தெரியாதுல்லா" என்றாள். அன்றைக்கு வரைக்கும் அவள் நல்லவள்தான்.

மத்ரா என்றால் கடலோரம். அவர்கள் வீடு அந்தச் சந்தைக்குப் பின்னால் மலையடிச் சந்தில், நடந்தால் பத்து நிமிசம். சந்தைக்கு அலை வளைகிற மாதிரி ஒரு வெள்ளைக் கூரை போட்டிருக்கிறார்கள். உள்ளே போனால், மக்கா, எனக்கு அழுகை வந்துவிட்டது. தரையில் ஒரு ஈ இல்லை. பளிங்கு மேடை, அதில் வரிசையாக மீன். சூரை, விளமீன், கலவா, சாளை. எல்லாம் நம்ம மீன்கள். பேர் மட்டும் வேறு. ஊரில் நான் பெட்டியில் சுமந்தது அத்தனையும் அங்கே ராஜா மாதிரி படுத்திருந்தது. வெளியே படகு நிற்கிறது. அந்தக் கடலும் நம்ம கடலும் ஒன்றுதான், அது உனக்குத் தெரியுமா? அந்தக் கரையில் அது கிழக்கே பார்க்கிறது, நம்ம கரையில் மேற்கே பார்க்கிறது, அவ்வளவுதான். டென்னிஸ் அப்போது ஆழ்கடல் தங்கலுக்குப் போயிருந்தான். முப்பது நாள், நாற்பது நாள் கடலிலேயே கிடந்து பிடிக்கிற தொழில். நான் விஜிலாவிடம் சொன்னேன், "உன் கொழுந்தன் இந்தத் தண்ணியிலதான் எங்கயோ வலை போட்டுட்டு நிப்பான்." அவள் சிரித்தாள். "சத்தம் போட்டுக் கூப்பிடுங்க மாமி, கேட்டாலும் கேக்கும்" என்றாள்.

ஒரு தாடிக் கிழவனிடம் நல்ல நெய்மீன் இருந்தது. என்னைப் பார்த்து "மாமா, மாமா" என்று கூப்பிட்டான். அங்கே அம்மையை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவன் அரபியில் பேசினான், நான் தமிழில் பேசினேன். ஒரு குழப்பமும் இல்லை. "தாஜா, தாஜா" என்றான், புது மீனாம். "உன் தாஜாவை நான் பாத்துக்கிடுறேன், நீ கையை எடு" என்றேன். கண்ணைப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருந்தது. செவுளைத் திறந்தேன், மாதுளை நிறம். விரலால் அமுக்கினேன், அமுங்கிய இடம் உடனே நிமிர்ந்தது. விடியக் காலம் வரைக்கும் நீந்திக்கொண்டிருந்த மீன். இதற்குமேல் ஒரு மீனிடம் என்ன எதிர்பார்ப்பது? விலை பேசி முடிந்தது. கிழவன் மீனைத் தூக்கி வெட்டுகிற மேடைக்கு அனுப்பப் போனான். அந்த நேரம் விஜிலாவின் போன் அடித்தது.

அவள் போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனாள். மீன் வெட்டுகிற சத்தத்தில் என்ன பேசினாள் என்று எனக்குக்கூடக் கேட்கவில்லை. முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஐஸ் பெட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். திரும்பி வந்தவள் முகத்தில் ஒன்றும் இல்லை. தூணைப் பார்க்கிற மாதிரி மீனைப் பார்த்தாள். "இந்த மீன் வேண்டாம் மாமி" என்றாள்.

"ஏன்?"

"கெட்ட மீன்."

மக்கா, என் வாழ்நாளில் என்னை யாரும் அப்படி அவமானப்படுத்தினது இல்லை. நேற்றுவரை சாளைக்கும் நெத்தோலிக்கும் வித்தியாசம் தெரியாதவள், நாற்பது வருசம் மீன் விற்ற என்னிடம் சொல்லுகிறாள், கெட்ட மீன் என்று. கிழவனுக்குப் பாஷை புரியாவிட்டாலும் காரியம் புரிந்துவிட்டது. செவுளை விரித்து விரித்துக் காட்டுகிறான். நானும், "பாருடி, பாரு" என்கிறேன். அவள் பார்க்கவே இல்லை. கேட்ட காசைக் கிழவன் கையில் வைத்தாள், மீனை அங்கேயே விட்டாள், என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டாள். காசையும் கொடுத்து மீனையும் விட்டுவருகிறவள் எந்த ஊரில் உண்டு? வருகிற வழியில் பூசணிக்காய் வாங்கினாள். அன்றைக்கு எனக்குப் பூசணிக்காய்க் கூட்டு.

அந்தப் போன் எதற்கு வந்தது என்பது எனக்குப் பதினோரு நாள் கழித்துத்தான் தெரிந்தது. உனக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். கிளீட்டஸ் பேசியிருக்கிறான். டென்னிஸ் போன விசைப்படகு காற்றில் கவிழ்ந்துவிட்டது. ஒன்பது பேர். ஆறு பேரை ஒரு கப்பல்காரன் தூக்கிக் காப்பாற்றிவிட்டான். மூணு பேரைக் காணவில்லை. "தேடிட்டு இருக்காங்க விஜி. உயிரோட கெடச்சாலும் கெடைப்பான். அம்மைக்கு நெஞ்சு இருக்குற நிலையில, ஒண்ணு உறுதியாத் தெரியுறவரைக்கும் அவளுக்குத் தெரியவே கூடாது" என்று சொல்லியிருக்கிறான். அவன் பாலைவனத்திலிருந்து அப்படியே விமானம் ஏறி ஊருக்குப் போய்விட்டான், நம்ம துறைப் படகுகளோடு தேடுவதற்கு. எனக்கு மட்டும் அவன் எண்ணெய்க் கிணற்றில் இருக்கிறான்.

மறைத்ததற்கு நான் கோபிக்கவில்லை. அது என் வழக்கு இல்லை. மகன் சொன்னான், மறைத்தாள். டாக்டரும் சொல்லியிருந்தார். என் வழக்கு வேறு. அதைச் சொல்லவேண்டுமானால் எங்கள் துறை வழக்கத்தை நீ முதலில் தெரிந்துகொள்ளவேண்டும்.

எங்கள் துறையில் ஒருத்தன் கடலில் விழுந்து கிடைக்கவில்லை என்றால் மீன் சட்டி அடுப்பில் ஏறாது. அவன் கிடைத்து அடக்கம் பண்ணுகிற வரைக்கும், இல்லை தேடுகிறதை நிறுத்திவிட்டுக் கோயிலில் பூசை வைக்கிற வரைக்கும். அவன் வீட்டில் மட்டும் இல்லை, துறை முழுக்க. ஏன் என்று நாங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுவதில்லை. உள்ளே கிடக்கிறவனை எந்த மீன் தொட்டதோ. அந்த மீன் எந்த வலையில் வந்ததோ. பெற்றவள் வாயில் அது போய்விட்டது என்றால் அவள் எந்தக் கோயிலில், எந்தக் குருசடியில் போய் முட்டினாலும் தீராது. சில வீடுகளில் பெற்றவள் அதற்குப் பிறகு சாகிறவரைக்கும் மீன் தொடுவதில்லை. நானும் தொடவில்லை. மீன்காரி பிரகாசி இப்போது பருப்பும் கீரையும் தின்கிறாள்.

விஜிலாவுக்கு இந்த வழக்கம் தெரியாது என்று நீ சொல்லமுடியாது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கல்யாணம் ஆன முதல் வருசம், எங்கள் தெருவில் சூசை என்கிற ஒருத்தன் வலையோடு போனான். ரெண்டு நாளாகத் தேடுகிறார்கள். இவள் ஒன்றும் அறியாமல், ஐஸ் பெட்டியில் இருந்த விளமீனை எடுத்துக் கறி வைத்துவிட்டாள். மணம் தெருவில் போனது. நான் கோயிலில் இருந்து ஓடி வந்து, கொதித்த சட்டியை அப்படியே தூக்கி மணலில் எறிந்தேன். கையில் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது, இந்தா பார். அவளை நான் பேசாத பேச்சு இல்லை. அழுதுகொண்டே என் கைக்கு மருந்து போட்டாள். "எனக்குத் தெரியாது மாமி. இனி ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன்" என்றாள். ஆகவே தெரியும். நன்றாகவே தெரியும்.

சரி, அந்தப் பதினோரு நாளுக்கு வருவோம். எனக்கு நாக்கு மீனுக்கு ஏங்குகிறது. இவள் தரமாட்டேன் என்கிறாள். கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். டாக்டர் வேண்டாம் என்றார், மாத்திரைக்கு ஆகாது, சந்தையில் ஏதோ மருந்து அடிக்கிறார்களாம். எதிர் வீட்டில் ஒரு மலையாளத்துக்காரி, ஓமனா என்று பேர், நல்ல மனுசி. ஒருநாள் நான் படுத்திருக்கும்போது கிண்ணத்தில் மீன்கறி கொண்டு வந்தாள். குடம்புளி மணம் எனக்குக் கட்டில் வரைக்கும் வந்துவிட்டது. எழுந்து செருப்பைத் தேடுகிறதற்குள் இந்தப் புத்திக்காரி வாசலிலேயே, "மாமிக்கு மீன் ஒத்துக்காது சேச்சி, உடம்பெல்லாம் தடிச்சிரும்" என்று மெதுவாகச் சொல்லித் திருப்பி அனுப்புகிறாள். மெதுவாகச் சொன்னாள், எனக்குக் கேட்கக்கூடாது என்று. எனக்குக் கேட்காமல் இருக்குமா? மீன்காரிக்கு மீன் ஒத்துக்காதாம்.

ஊரிலிருந்து நான் கொண்டுபோன நெத்தோலிக் கருவாடு ஒரு டின்னில் இருந்தது. ராத்திரி நினைத்துக்கொண்டே படுத்தேன், காலையில் நாலு எடுத்து வறுத்துக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளலாம் என்று. காலையில் டின் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. "எறும்பு வந்துட்டு மாமி, கொட்டிட்டேன்." அந்த வீட்டில் நான் ஒரு எறும்பையும் பார்த்ததில்லை.

நான் என்ன நினைத்தேன்? கிழவி ஆஸ்பத்திரிச் செலவு வைத்துவிட்டாள், சீக்கிரம் ஊருக்கு ஓட்டவேண்டும் என்று பட்டினி போடுகிறாள் என்று நினைத்தேன். அவளும் அந்த நாள் எதிலும் மீன் தின்னவில்லை, அதைச் சொல்லவேண்டும். வேறு எதையும்கூட ஒழுங்காகத் தின்னவில்லை. ரசத்தை ஊற்றி ரெண்டு வாய், அவ்வளவுதான். ஜெபமாலையும் கையுமாக இருந்தாள். கேட்டால் கிளினிக்கில் பரீட்சை இருக்கிறது என்றாள். சரி, பரீட்சைக்கு ஜெபிக்கிறாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ கிளீட்டஸ் என்னிடம் பேசினான். பேசும்போது பின்னால் மணி அடிக்கிறது. எங்கள் துறைக் கோயில் மணி. அந்த மணியில் ஒரு கீறல் உண்டு, அடித்தால் கடைசியில் இருமுகிற மாதிரி முடியும். "ஏலே, எண்ணெய்க் கெணத்துல எப்படிடா நம்ம கோயில் மணி?" என்றேன். விஜிலா என் கையிலிருந்து போனை வாங்காமல், பக்கத்தில் நின்றே சொன்னாள், "அவரு கூட வேலை பாக்குறவரு நம்ம ஊர்க்காரருல்லா மாமி, அந்த மணியைத்தான் போன்ல பதிஞ்சு வச்சிருக்காரு." நானும் நம்பினேன். எவ்வளவு வேகம் பார்த்தாயா, மூச்சு விடுகிற நேரம்கூட எடுக்கவில்லை.

அப்போதுதான் நான் கிளீட்டஸிடம் முறையிட்டேன். "உன் பெண்டாட்டி எனக்கு ஒரு துண்டு மீன் தரமாட்டேங்குறா. கடல் பக்கத்துல வச்சுக்கிட்டு என்னைப் பூசணிக்கா தின்ன வைக்குறா. நீயே சொல்லு அவகிட்ட." அந்தப் பக்கம் அலைச் சத்தம் மாதிரி ஏதோ கேட்டது, அதைப் பாலைவனக் காற்று என்று நானே நினைத்துக்கொண்டேன். பிறகு, "அவ சொல்லுற மாதிரி கேளு அம்ம" என்றான். போனை வைத்துவிட்டான். பெற்ற மகனும் அவள் பக்கம்.

இப்போது நான் நினைத்துப் பார்க்கிறேன் மக்கா. சந்தையில் கை வரைக்கும் வந்த மீன் போனது. ஓமனா கொண்டுவந்தது வாசலோடு போனது. பையில் இருந்த கருவாடு போனது. என் பிள்ளை தண்ணீருக்குள் கிடந்த அத்தனை நாளும் ஒரு பொட்டு மீன் என் நாக்கில் படவில்லை. இது யார் வேலை? அந்தோணியார் வேலை. நான் செவ்வாய்க்கிழமை தவறாமல் அவருக்கு ஒரு மெழுகுதிரி வைக்கிறவள். ஒன்றும் அறியாத தாய் பாவத்தில் விழவேண்டாம் என்று அவர் எனக்கு வேலி கட்டியிருக்கிறார். மருமகளின் கஞ்சத்தனத்தைக்கூட அவர் எனக்கு நன்மையாகத் திருப்பினார். ஊருக்கு வந்ததும் உவரியில் அவர் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டேன் அதற்காக.

என்ன, என்னமோ சொல்ல வருகிறாய். இரு. பஸ் பாறசாலைதான் தாண்டியிருக்கிறது. முடியட்டும், பிறகு சொல்.

பதினோராம் நாள். அன்றைக்குத்தான் தேடுகிறதை நிறுத்தியிருக்கிறார்கள். கிளீட்டஸ் சாயங்கால விமானத்தில் மஸ்கட் வருகிறான், எனக்குச் சொல்லிக் கூட்டிப்போக. டாக்டரையும் வீட்டுக்கு வரச்சொல்லி ஏற்பாடு. இது எல்லாம் விஜிலாவுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது, அவள் கிளினிக்குக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டு மத்தியானம் வருவாள் என்பது மட்டும்தான். அவள் படியிறங்கின சத்தம் ஓய்ந்ததும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழி தெரியும். இறக்கம்தான்.

தாடிக் கிழவன் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுவிட்டான். "மாமா" என்று சிரித்து, ஒரு நெய்மீனைத் தூக்கி அதன் கண்ணை என் கண்ணுக்கு நேரே பிடித்தான், இதுவும் கெட்டதா என்று கேட்கிற மாதிரி. எனக்கும் சிரிப்பு வந்தது. "அவ கெடக்கா, நீ வெட்டு" என்றேன். தலை வேண்டுமா என்று சாடையில் கேட்டான். தலை இல்லாமல் என்ன மீன்? தலையையும் போடச்சொன்னேன்.

வீட்டுக்கு வந்து தேங்காய் அரைத்து, மிளகாய், மல்லி, புளி எல்லாம் என் கைக்கணக்குப்படி போட்டுக் கறி வைத்தேன். ஏலே டென்னிசு, உனக்குப் பிடித்த கறி என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது. அவனுக்கு மீன் தலை என்றால் உயிர். சோறு வடித்தேன். தரையில் உட்கார்ந்து தட்டில் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, தலையையும் நடுத்துண்டு ரெண்டையும் வைத்துப் பிசைந்தேன். முதல் உருண்டை உருட்டி, சிலுவை போட்டுக்கொண்டேன்.

கதவு திறந்தது. இவள்.

வாசலில் செருப்போடு நின்றாள். மணம் அவளுக்குப் போயிருக்கும். தட்டைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், நானும் பதிலுக்குக் கத்தத் தயாராக இருந்தேன். பதினோரு நாள் கோபம் எனக்கு. அவள் கத்தவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். "எனக்குப் பசிக்குது மாமி" என்றாள்.

சட்டியில் இருக்கிறது, போட்டுத் தின்னு என்கிறதற்குள், வாய்ப்பக்கம் போன என் கையை மணிக்கட்டோடு பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். என் விரலில் இருந்த உருண்டையைக் குழந்தை வாங்குகிற மாதிரி தன் வாயில் வாங்கிக்கொண்டாள். தட்டை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தின்றாள். அள்ளி அள்ளித் தின்றாள். மீன் தலையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், கண்ணோடு, செவுளோடு அந்தத் தலையைத் தின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறது. "காரம் மாமி" என்கிறாள், தின்கிறாள். பிறகு எழுந்துபோய் அடுப்பில் இருந்த சட்டியைக் கொண்டுவந்து, அதில் இருந்த துண்டுகளையும் தின்றாள். குழம்பைச் சாக்கடையில் ஊற்றினாள். ஒரு துண்டு, மக்கா, ஒரு துண்டு எனக்கு மிச்சம் வைக்கவில்லை. கிழவி தட்டில் இருந்ததைப் பிடுங்கித் தின்கிறவளைப் பற்றி நீ எங்காவது கேள்விப்பட்டிருக்கிறாயா?

சாயங்காலம் கிளீட்டஸ் வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னான். நான் என்ன ஆனேன், எப்படி ஊருக்கு வந்தேன் என்பதெல்லாம் எனக்கே சரியாகத் தெரியாது. பூசை முடிந்து, ஆட்கள் எல்லாரும் போனபிறகு, வெறும் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்த மத்தியானம் எனக்கு ஞாபகம் வந்தது. அவளுக்குத் தெரியும். என் பிள்ளை உள்ளே கிடக்கிறான் என்று தெரியும். தேடுகிறதை நிறுத்தினதும் தெரியும், பூசை இன்னும் ஆகவில்லை என்பதும் தெரியும். வழக்கம் தெரியும், நான் சுட்டுக்கொண்ட கைக்கு மருந்து போட்டவளே அவள்தான். அத்தனையும் தெரிந்து அவள் மீன் தின்றாள், தலையோடு தின்றாள். தெரியாமல் தின்றிருந்தால் நான் மன்னித்திருப்பேன். கிளீட்டஸிடம் கேட்டேன், ஏன் தின்றாள் என்று கேளுடா என்று. அவன் கேட்டானாம். அவள் ஒன்றும் சொல்லவில்லையாம். எல்லாவற்றிற்கும் பதில் வைத்திருக்கிறவள் அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம், நீயே சொல்.

சொல்லாதே, இரு. நெய்யாற்றின்கரைப் பாலம் வருகிறது, உன் பையை எடுத்துக்கொள். இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. இதை நான் கிளீட்டஸிடம்கூடச் சொன்னதில்லை.

தின்று முடித்தபிறகு என்னை எழுப்பிக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள். சோப்புப் போட்டு என் கையைக் கழுவினாள். ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும். மூணு தடவை கழுவினாள். என் கையை மோந்துகூடப் பார்த்தாள். துண்டால் துடைத்து என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள், தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி. உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குக் கேட்கக்கூடாதாம். என் காதைப் பற்றித்தான் உனக்குச் சொன்னேனே. தின்றது எல்லாம் வெளியே வந்தது. ஓங்கரித்து ஓங்கரித்து, கடைசியில் ஒன்றும் வராமல் வெறும் வயிறு மட்டும் இழுக்கிற சத்தம். அதற்கு நடுவில் டென்னிஸ், டென்னிஸ் என்று ரெண்டு தடவை. அப்போது நான் அதை இருமல் என்றுதான் நினைத்தேன்.

ரொம்ப நேரம் கழித்துக் குழாய் நின்றது. முகம் கழுவி, தலையைச் சீவி, ஒன்றும் நடக்காத மாதிரி வந்தாள். தரையில் என் காலடியில் உட்கார்ந்தாள். ஈரக் கையை என் முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"மீன் கெட்டது மாமி. நல்லவேளை, நீங்க வாயில வைக்கல" என்றாள்.